பரிமளம் கூப்பிட்ட தண்ணீர்

பரிமளத்திடம் ரகசியம் சொல்லக் கூடாது என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். பாவம், அவள் யாரிடமும் போய்க் கோள் மூட்டுகிற ஆள் கிடையாது. "ஐயோ, நெசமாவா?" என்று சொன்னவரிடமே ஒரு தடவை திருப்பிக் கேட்பாள், அவ்வளவுதான். அதற்குள் கீழ் டிவிசன் முழுக்கச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும்.

இலங்கை இரத்தினபுரிப் பக்கத்துக் குருவிட்டையிலிருந்து மலைப்பக்கம் ஏறுகிற ரோட்டோரத்து ரப்பர்த் தோட்டத்தில் அவள் பால்வெட்டுக்காரி. ஆளுக்கொரு மலையில், மரத்துக்கு மரம் தனியாக நடக்கிற வேலை. பாம்பைக் கண்டாலும் கங்காணியைக் கண்டாலும் அடுத்த மலையில் நிற்பவளுக்குச் சத்தம் போட்டுத்தான் சொல்ல வேண்டும். மற்றப் பெண்கள் வேலை முடிந்ததும் பால் வாளியோடு குரலையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் போவார்கள். பரிமளம் அதையும் கூடவே கொண்டுபோவாள். மாவனல்லையில் துணிக்கடையில் நிற்கிற மகள் கேஷானிக்கு அவள் போன் எடுத்தால், சேலை பார்க்க வந்தவர்கள்கூட "அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி?" என்று விசாரிப்பார்கள். "ஒங்களுக்கு எதுக்கும்மா போனு? ஜன்னலத் தொறந்து பேசுங்க, இங்க கேக்கும்" என்பாள் மகள்.

புருஷன் தம்பையா நேர்மாறு. "ஒரு வீட்டுக்கு ஒரு தொண்டை போதும்" என்று ஒரு கல்யாண வீட்டில் சொன்னாராம். அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான் என்று சொல்லிக்கொள்வார்கள்.

இந்தப் பரிமளத்துக்கு ஐம்பது வயதுக்குக் கிட்டத்தில் ஒரு துண்டுக் காணி வந்து சேர்ந்தது. பெட்ரோலுக்கும் பால்மாவுக்கும் நாடே வரிசையில் நின்ற அந்தக் கஷ்ட காலத்தில், ரோட்டுக்குக் கீழே ரப்பருக்கு உதவாமல் கிடந்த சதுப்பு நிலத்தைத் தோட்டத்து மனேஜரான பெரிய தொரை எட்டுப் பெண்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். மரக்கறி போடலாம், விற்கலாம், தின்னலாம். ஆனால் ரெண்டு நிபந்தனை வைத்தார். பயிர் காய்ந்து தரிசாகக் கிடந்தால் தோட்டம் திரும்ப எடுத்துக் கறுவாப்பட்டை மரம் நடும். மாணிக்கக்கல் கிடைக்குமா என்று எவராவது தோண்டினால் அன்றைக்கே காணி போச்சு. மாணிக்கம் எடுக்கிற ஊரில் ரெண்டாவது நிபந்தனை போடாத தொரை தொரையே இல்லை.

பரிமளம் அந்தத் துண்டில் பயித்தங்காயும் பாவக்காயும் வெண்டியும் போட்டாள். காய்த்தது கொஞ்சம், பீற்றியது நிறைய. அதற்காக அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் பிறந்த லயம் தோட்டத்துடையது, வாழ்கிற லயமும் தோட்டத்துடையது, வெட்டுகிற மரமும் நடக்கிற படியும் தோட்டத்துடையது. லயத்துக் கதவில் கங்காணி வந்தாலும் வெல்ஃபெயர் ஐயா வந்தாலும் பாதி உடம்பை உள்ளே விட்டுவிட்டுத்தான் "யாரு இருக்கா?" என்று கேட்பார்கள். இந்தத் துண்டில் மட்டும் வரப்பில் ஏறி நின்று "ஏய் மாடே, வெளிய போ!" என்று சொல்லலாம். மாடும் போனது. அந்தச் சுகம் அவளுக்குப் புதிது.

இப்படி இருக்கும்போதுதான் இந்த மாசியில் மழை நின்றது.

இரத்தினபுரிப் பக்கத்து ஆட்களுக்கு மழையைத் திட்டத்தான் தெரியும். குடையை மறந்து வெளியே போகிறவனுக்குப் புத்தி சரியில்லை என்பார்கள். வெள்ளம் வந்தால் எந்தச் சாமானை முதலில் மேலே ஏற்றுவது என்று பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். மழை வராவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என்கிற காரியத்தையே அந்த எட்டுப் பெண்களும் டிவி நாடகத்தில்தான் பார்த்திருந்தார்கள், அதுவும் பணக்கார வீட்டு ரோசாச் செடிக்கு.

சதுப்பைத் தொட்டு ஓடின ஓடை முதலில் மெலிந்தது, பிறகு கல்லைக் காட்டியது, பிறகு காணாமலே போனது. லயத்துப் பீலியில் குடிக்கிற தண்ணீர் மட்டும் நூல் மாதிரி வந்தது. கிராம சேவகர் மாத்தயாவிடம் போய்ச் சொன்னார்கள். அவர் நல்ல மனிதர், மனம் வருந்திக் கேட்டார். வெள்ளம் என்றால் இந்த நிமிஷமே ஏற்பாடு செய்கிறேன், இந்த மாவட்டத்துக்கு வறட்சி என்று மேலே சொன்னால் என்னைத்தான் வைத்தியரிடம் அனுப்புவார்கள் என்றார். லயத்துக்கு வந்து யோசித்தார்கள். பென்சன் வாங்கி வீட்டில் இருந்த ஐயாவு, மழைக்குக் கொடும்பாவி கட்டி இழுக்கலாம் என்றார். கட்டினார்கள். கட்டி முடித்துப் பார்த்தால் அது அச்சு அசல் ஐயாவுவின் மச்சான் மாதிரியே இருந்தது. ரெண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றதுதான் மிச்சம், மழை வரவில்லை.

பயித்தங்கொடி வாடித் தொங்கியது. மாசக் கடைசியில் பெரிய தொரை காணி பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. மேல் டிவிசனில் கறுவாக் கன்று பைகளில் தயாராக இருக்கிறது என்ற செய்தியும் பின்னாலேயே வந்தது. அன்றைக்குப் பரிமளம் சத்தம் போடாமல் சோறு தின்றாள். தம்பையா பயந்துபோய் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

மறுநாள் பால் வெட்டிவிட்டு ரோட்டுக்கு இறங்கி வரும்போது பரிமளத்தின் கண்ணில் ஒரு பச்சை பட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வயல், வயல் நடுவில் ஒரு மாணிக்கக் குழி. குழியிலிருந்து வருகிற வடிகால் கானில் கங்குன் கீரை இடுப்பளவுக்குக் கொழுத்து நின்றது. ஊரே கருகிக் கிடக்கும்போது இந்தக் கானுக்கு மட்டும் என்ன கல்யாணமா? அவள் நின்றாள். டுகு டுகு டுகு என்று பம்ப் ஓடுகிற சத்தம் கேட்டது. மாசக்கணக்காக அது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கேட்டுக் கேட்டு யார் காதிலும் விழாமல் போயிருந்தது. குழி என்று தோண்டினால் கீழே தண்ணீர் ஊறும். அதை இறைத்து வெளியே கொட்டினால்தான் ஆட்கள் இறங்கிக் கல்மண்ணை வெட்ட முடியும். ஆக, அங்கே இரவும் பகலும் தண்ணீரை வேண்டாம் வேண்டாம் என்று ஆற்றுக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.

"அடியே மல்லிகா!" என்று கத்தினாள். மல்லிகா அவளுக்குப் பக்கத்துத் துண்டுக்காரி, அப்போது மலைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். "தண்ணி மேல இருந்து வராதுடி! கீழ இருந்து வருது!"

"என்னக்கா, பூமி கவுந்துருச்சா?" என்று மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

தண்ணீர் கண்டாயிற்று, கேட்பது எப்படி? மாணிக்கக் குழிக்குப் பக்கத்தில் பெண்கள் போவதில்லை. போனால் தீட்டு, கல் ஒளிந்துகொள்ளும், தெய்வம் கோபிக்கும் என்று குழிக்காரர்கள் நம்புகிறார்கள். ரோட்டு வளைவில் ஓர் ஈரப்பலா மரம் நிற்கிறது. அதுதான் எல்லை. குழியில் வேலை செய்கிறவனின் பெண்சாதியே சோற்றுப் பார்சலை அந்த மரத்தடியில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள்.

ஆகவே தம்பையாவை அனுப்பினார்கள். வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, என்ன பேச வேண்டும் என்று நாலு தடவை சொல்லிக்கொடுத்து அனுப்பினார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"கேட்டீங்களா?" என்றாள் பரிமளம்.

"நின்னேன்."

"நின்னு?"

"வந்துட்டேன்."

பரிமளம் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு முந்தானையை இடுப்பில் சொருகினாள். நேரே ஈரப்பலா மரத்தடிக்குப் போனாள். ஓர் அடி தாண்டவில்லை. அவளுக்கும் சாமி பயம் உண்டு, கல்லுக்காரர் பிழைப்பைக் கெடுத்தாள் என்ற பேரும் வேண்டாம். அங்கே நின்றபடியே நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "ஜினதாச அய்யே!" என்று விட்டாள் ஒரு குரல்.

ஜினதாச குழியின் மேலாள்; 'அய்யே' என்றால் சிங்களத்தில் அண்ணன். வயலில் மேய்ந்த கொக்குகள் மொத்தமாக எழும்பின. குழிக்குள் இருந்த ஆட்கள் மண் சரிகிறது என்று நினைத்து ஏணியில் ஏறி வெளியே வந்துவிட்டார்கள். பம்ப்பை நிறுத்திவிட்டுப் பேசவும் வழியில்லை. நிறுத்தினால் குழி நிறைந்துவிடும். அதனால் பம்ப் ஒரு பக்கம், பரிமளம் ஒரு பக்கம் என்று போட்டி நடந்தது. நடுவில் நாலு வயல் தூரம். பரிமளம் சிங்களத்தில் வெளுத்து வாங்கினாள். பயிர் காய்வதைச் சொன்னாள், தொரை வருவதைச் சொன்னாள், கறுவாக் கன்றைச் சொன்னாள், பயித்தங்காய்ப் பிஞ்சு சுருண்டதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. அந்தத் தழுதழுப்பும் நாலு வயல் தாண்டிக் கேட்டது.

குருவிட்டைக்குப் போகிற பஸ் வந்து வளைவில் நின்றது. இறங்குவதற்கு ஒருத்தரும் இல்லை, ஏறுவதற்கும் இல்லை. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு ஜன்னலில் கை வைத்துச் சாய்ந்துகொண்டார். பயணிகள் அபிப்பிராயம் சொல்லத் தொடங்கினார்கள். "குடுத்தா என்னவாம், கொட்டுற தண்ணிதானே" என்று ஒரு கூட்டம். "குழித் தண்ணி லேசுப்பட்ட விசயமா" என்று இன்னொரு கூட்டம்.

ஜினதாச ரெண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு பதில் சொன்னார். தண்ணீர் தர அவருக்கு மனம் இருக்கிறது, வழக்கம்தான் இடிக்கிறது. குழியிலிருந்து எதுவும் சும்மா வெளியே போகக் கூடாது. காணிக்காரனுக்கு ஒரு பங்கு, பம்ப்காரனுக்கு ஒரு பங்கு, இறங்கி வெட்டுகிறவனுக்கு ஒரு பங்கு என்று எல்லாமே பங்குக் கணக்கு. சும்மா ஒன்றை அள்ளிக் கொடுத்தால் அதோடு சேர்ந்து அதிர்ஷ்டமும் போய்விடும்.

"அப்ப கொட்டுறீங்களே, அது சும்மா போகலையா?" என்றாள் பரிமளம்.

பஸ்ஸில் கைதட்டல். ஜினதாச தலையைச் சொறிந்தார்.

குழிக்கு மேலே பிளாஸ்டிக் கதிரையில், குடை நிழலில், ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பம்ப்புக்குச் சொந்தக்காரர் இக்ராம் நானா. அவர் எழுந்து மரத்தை நோக்கி நாலு எட்டு நடந்து வந்தார். "தங்கச்சி, அல்லாவுக்காக மெல்லப் பேசுங்கோ. குழி இடிஞ்சி உழுந்திரும்" என்றார். "நான் ஒண்டு செல்றன். காசி வாணாம். இந்த ஆளுங்க பகலைக்குப் பருப்பும் கருவாடும் திண்டு திண்டு செத்த மூஞ்சியாகிப் பெய்த்தாங்க. ஒங்கட மரக்கறியில ஒரு பங்கு இவங்கட சட்டிக்கு வரட்டும். அப்ப நீங்களும் பங்குக்காரர். பங்குக்காரருக்குக் குடுத்தா அது சும்மா குடுத்ததா ஆகாதே?"

ஜினதாச முகம் மலர்ந்தது. ஹரி ஹரி, அதாவது சரி சரி, என்று தலையை ஆட்டினார். ஆனால் பங்குக்காரராக இருந்தாலும் பெண்கள் மரத்தைத் தாண்டக் கூடாது என்றார்.

"நான் எதுக்கு வாறேன்? என் தொண்ட வந்தா போதாதா?" என்றாள் பரிமளம். பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே கிளம்பியது.

ஆண்கள் போய் ஓஸ் பைப் இழுத்தார்கள். இக்ராம் நானாவின் கடையில் கிடந்த பழைய நீளப் பைப்பை ரோட்டுக்கடியில் இருந்த மதகுக்குள் விட்டு இந்தப் பக்கம் எடுத்தார்கள். பெண்கள் எட்டுப் பேரும் காணியில் வரிசையாக நின்று, மாப்பிள்ளை ஊர்வலம் பார்க்கிற மாதிரி மதகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பைப் ஒரு தடவை இருமியது. ஒரு தவளை வந்தது. அதன் பின்னால் தண்ணீர் வந்தது.

பால் டீ நிறத்தில் கொழகொழவென்று வந்தது. ஆனால் இவர்களுக்குத் தண்ணீர் பாய்ச்சத் தெரியுமா? தெரியாது. வாய்க்கால் என்று ஒன்று வெட்ட வேண்டும், மடை என்று ஒன்று கட்ட வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. தண்ணீர் பாட்டுக்கு நேர்கோட்டில் காணியைத் தாண்டி மறுபக்கத்துக் கானை நோக்கி ஓடியது. "புடிங்கடி! ஓடுது புடிங்கடி!" என்று பரிமளம் கத்த, பெண்கள் கோழி பிடிக்கிற மாதிரி தண்ணீரின் பின்னால் ஓடினார்கள். ஒருத்தி காலை வைத்து மறித்தாள், ஒருத்தி தகரத்தைப் போட்டாள். மல்லிகா வேறு வழியில்லாமல் அதன் குறுக்கே சப்பணம் கட்டி உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் தேங்கி, ரெண்டு பக்கமும் திரும்பி, பயித்தங்கொடியின் அடியில் போய் நின்றது. மண் அதைக் குடிக்கிற சத்தம் கேட்டது. "அக்கா, எந்திரிக்கலாமா?" என்று மல்லிகா கேட்டாள். "உசுரே போனாலும் எந்திரிக்காத!" என்றாள் பரிமளம். தம்பையா வரப்பில் நின்று சத்தம் வராமல் சிரித்தார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

நாலைந்து நாளில் வாடின கொடி தலை தூக்கியது. இத்தோடு கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஆனால் இது மாணிக்கக்கல் ஊர். இங்கே தண்ணீர் பாய்ச்சத் தெரியாதவன் இருப்பான், மண்ணை அரித்துக் கல் பார்க்கத் தெரியாதவன் இருக்க மாட்டான்.

ஒரு நாள் காலை, வேலையற்று வேடிக்கை பார்க்க வந்த ஐயாவு, மதகு வாயில் படிந்த வண்டலைக் காலால் கிளறினார். குழியிலிருந்து வந்த வண்டல். அதில் ஒன்று சிவப்பாக மின்னியது. எடுத்தார், வேட்டியில் துடைத்தார், வெயிலுக்கு நேரே பிடித்தார். ரத்தச் சிவப்பு.

"பரிமளம்," என்றார் அக்கம்பக்கம் பார்த்து, "சத்தம் போடாத. இத பாரு."

யாரிடம் சொல்கிறார் பாருங்கள்.

பரிமளம் பார்த்தாள். சத்தம் போடக் கூடாது என்றுதான் அவளும் நினைத்தாள். வாயை ரெண்டு கையாலும் பொத்திக்கூடப் பார்த்தாள். "கல்லு!" என்று விரலிடுக்கால் வெடித்து வந்தது. "கல்லு கெடைச்சிருச்சு!"

லயம் காலியானது. சமைத்துக்கொண்டிருந்தவள் அகப்பையோடு வந்தாள், சவரம் செய்துகொண்டிருந்தவன் பாதித் தாடியோடு வந்தான், பேச்சு நின்றிருந்த ஐயாவுவின் மச்சான் குடும்பத்தோடு வந்தான். வீட்டுக்கு வீடு பரணில் பதுங்கியிருந்த மூங்கில் அரிகூடைகள் எல்லாம் வெளியே வந்தன. இவ்வளவு அரிகூடை தோட்டத்தில் இருந்தது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. வண்டல் போதவில்லை, மண்ணைத் தோண்டினார்கள். கூடையில் அள்ளி, தேங்கிய தண்ணீரில் சுழற்றி, ஆளுக்கு ஆள் "தள்ளு தள்ளு" என்று நெருக்கினார்கள்.

பரிமளம் தடுத்தாள் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. அவள்தான் முன்னால் நின்றாள். தன் பாவக்காய்ப் பந்தலைத் தானே பிடுங்கி எறிந்துவிட்டு, அதன் அடியில் முழங்கை வரை மண்ணில் விட்டுக் கிளறினாள். கேஷானிக்கு வீடு கட்டுவது, தம்பையாவுக்குத் தங்கத்தில் பல் கட்டுவது என்று மனம் எங்கெங்கோ பறந்தது. காணி மட்டும் அவள் ஞாபகத்தில் இல்லை.

அப்போது மேலே ஜீப் சத்தம் கேட்டது.

மேல் டிவிசனில் மரம் பார்த்துக்கொண்டிருந்த பெரிய தொரையின் காதிலும் அந்தக் "கல்லு" போய் விழுந்திருந்தது. மாசக் கடைசிக்கு வரவேண்டியவர் இப்போதே ஜீப்பைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். ரோட்டில் வண்டி நின்றது. கதவு திறந்தது. காணிக்குக் கீழே இறங்க வளைந்து வளைந்து ஒரு படிப்பாதை. தொரைக்குக் கொஞ்சம் தொந்தி.

பரிமளம் நிமிர்ந்தாள். அப்போதுதான் சுற்றிலும் பார்த்தாள். பயித்தங்கொடி மிதிபட்டுக் கிடந்தது. வரப்பைக் காணோம். காணி முழுக்கப் பன்றி உழுத மாதிரி குழியும் மேடும் சேறும். காய்ந்தாலும் காணி போகும், தோண்டினாலும் காணி போகும் என்று சொன்னாரே, ரெண்டையும் சேர்த்து ஒரே நாளில் செய்து முடித்திருந்தாள். அழக்கூட நேரமில்லை. தண்ணீர் வந்ததிலிருந்து மதகு ஓரத்துக் கானிலும் கங்குன் கொழுத்து நிற்பது கண்ணில் பட்டது.

"கங்குன!" என்று அலறினாள். "கங்குனப் புடுங்கி நடுங்க! எல்லாரும் நடுங்க! தொரை வாறாரு!"

அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அனுமதியில்லாமல் கல் தோண்டினால் பொலிஸ் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். கங்குன் தண்டை ஒடித்துச் சேற்றில் குத்தினால் போதும், அது பிழைத்துக்கொள்ளும். கானில் பாய்ந்தார்கள். கட்டுக் கட்டாகப் பிடுங்கினார்கள். பாதித் தாடிக்காரன் நட்டான், அகப்பைக்காரி அகப்பைக் காம்பால் குழி போட்டு நட்டாள், ஐயாவுவும் மச்சானும் ஒரே கட்டிலிருந்து தண்டு உருவி நட்டார்கள். பாவக்காய்ச் செடியைப் பரிமளம் திரும்ப ஊன்றி அதன் காதில், "கொஞ்சம் நில்லுடி கண்ணு" என்று கெஞ்சினாள். தொரைக்கு நடுப்படியில் ஒரு போன் வந்தது. நின்று பேசினார். அவருக்குப் போன் எடுத்தவர் யாரோ, நூறு வயது வாழட்டும்.

தொரை வரப்பு இருந்த இடத்தில் வந்து நின்றபோது, லயமே முதுகை வளைத்து நட்டுக்கொண்டிருந்தது. ஓட்டமும் பயமும் சேர்ந்து எல்லோருக்கும் மூச்சு இரைத்தது. தொரை தோட்டத்தில் பழகின தமிழில் கேட்டார்.

"என்ன சத்தம்? கல்லு கெடச்சதுன்னு கேட்டது."

"கல்லு கெடக்குது தொரை, நாத்து நடும்போது கால்ல குத்துதுங்க. அதத்தான் சொன்னேன்" என்றாள் பரிமளம்.

"இது யாரு எல்லாம்? எட்டுப் பேருக்குத்தான் குடுத்தது."

"தண்ணி வந்ததும் பெருகிட்டோம் தொரை."

தொரை ஐயாவுவைப் பார்த்தார். அவசரத்தில் மறைக்க இடமில்லாமல் அரிகூடையை ஐயாவு தலையில் கவிழ்த்திருந்தார். "அது என்ன?"

"வெயிலுங்க தொரை. தொப்பி."

அதிலிருந்து சேறு அவர் மூக்கில் சொட்டியது. தொரைக்கு இருபது வருஷத் தோட்டத்து அனுபவம். அவருக்கு எது தெரியாது? அவர் மதகிலிருந்து விழுகிற தண்ணீரைப் பார்த்தார், ஓஸ் பைப்பைப் பார்த்தார், அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். பரிமளம் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஈரப்பலா மரம், பஸ், பருப்புக் கருவாடு எல்லாம் வந்தது. தொரையின் மீசை துடித்தது. சிரிப்பை அடக்க அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டார்.

"அடுத்த மாசம் வருவேன். நட்டது பச்சையா இருக்கணும். இல்ல, கறுவாதான்" என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

ஜீப் போனதும் எல்லோரும் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிக்கத் தொடங்கி, வயிறு வலிக்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அன்று மாலை ஐயாவுவும் பரிமளமும் அந்தச் சிவப்புக் கல்லோடு ஈரப்பலா மரத்தடிக்குப் போனார்கள். கல் பார்ப்பதில் இக்ராம் நானா கைகாரர். அவர் மரத்தடிக்கு வந்து, டோர்ச் அடித்து, ஒரு கண்ணை மூடி, நாக்கைக் கடித்து நெடுநேரம் பார்த்தார்.

"நல்ல செவப்பு" என்றார்.

"எந்த நாட்டுக் கல்லு நானா?" என்றார் ஐயாவு.

"இந்தியா."

"விலை போகுமா?"

"பஜாஜ் ஆட்டோட பின் லைட்டுத் துண்டுக்கு என்ன வெல குடுப்பாங்களோ, அது கெடைக்கும்."

ஐயாவு அதைத் தூக்கி எறியப் போனார். பரிமளம் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். இந்த ஒரு துண்டு கண்ணாடிக்குத்தான் லயமே வந்து நாத்து நட்டது, இதைவிட ராசியான கல் எங்கே கிடைக்கும் என்றாள்.

அவள் சொன்னதும் சரியாகத்தான் போனது. கல்லுக்காக ஆளாளுக்குக் குறுக்கும் நெடுக்குமாகத் தோண்டிப்போட்ட பள்ளங்களிலேயே தண்ணீர் வழி கண்டுபிடித்து மூலைக்கு மூலை போய்ச் சேர்ந்தது. மல்லிகா குறுக்கே உட்கார வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. கங்குன் தினமும் ஒரு விரல் உயர்ந்தது. பயித்தங்கொடி பிழைத்தது. பாவக்காய் கோபித்துக்கொண்டு கொஞ்ச நாள் நின்றுவிட்டு, அதுவும் பூத்தது. நட்டவர்களைப் போ என்று எப்படிச் சொல்வது? எட்டுப் பெண்களும் பேசி, லயத்துக்கே பாத்தி பிரித்துக் கொடுத்தார்கள். ஐயாவுவும் மச்சானும் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் நின்று மீண்டும் சண்டை போடுகிற அளவுக்கு நெருங்கிவிட்டார்கள். காலையில் கீரையும் காயும் கட்டி ஈரப்பலா மரத்தடியில் வைத்துவிட்டுப் பரிமளம் ஒரு குரல் கொடுப்பாள். குழியாட்கள் வந்து எடுத்துப் போவார்கள்.

சொன்னபடி தொரை அடுத்த மாதம் வந்தார். காணியின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடந்தார். பச்சை அவர் முழங்காலைத் தொட்டது. எட்டுப் பெண்களும் மூச்சை அடக்கிக்கொண்டு பின்னால் நடந்தார்கள்.

"கறுவா வேற மலைக்கிப் போகும்" என்றார். "இந்தக் காணி நீங்களே பாத்துக்க."

அவர் ஜீப் ஏறும்வரை பொறுத்திருந்துவிட்டுப் பரிமளம் போட்ட சத்தத்தில், மாவனல்லையில் கேஷானிக்கு உண்மையாகவே கேட்டிருக்கும். ஒருத்தியை ஒருத்தி கட்டிப்பிடித்துச் சேற்றில் குதித்தார்கள். தம்பையா ஓரமாக நின்று, "நல்லது" என்று ஒரு வார்த்தை பேசினார்.

இந்தக் கூத்தில் குழிக்குக் கீரை வைக்க மறந்துபோனார்கள். பகல் சோற்று நேரம் நெருங்கியது. காணி மேட்டில் யாரோ வந்து நிற்பதை மல்லிகாதான் முதலில் பார்த்தாள். ஜினதாச. குழிச் சேறு காய்ந்த இடுப்புச் சாரத்தோடு, கையில் வெறுங்கூடையோடு நின்றார். ரோட்டிலிருந்து இறங்கி வந்தவர், முதல் பாத்திக்கு வெளியே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். ஓர் அடி உள்ளே வைக்கவில்லை.

"அக்கே," என்று அங்கிருந்தே சிங்களத்தில் பரிமளத்தைக் கூப்பிட்டார், "உள்ளுக்கு வரலாமா?"

பரிமளம் திரும்பிப் பார்த்தாள். அவர் தன்னிடம்தான் கேட்கிறார் என்பது புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தோட்டத்தில் பிறந்து இத்தனை வயதுக்கு, ஒரு வாசலில் நின்று அவளிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. கண் நிறைந்துவிட்டது. பதில் சொல்ல வாயைத் திறந்தாள். நாலு வயலைத் தாண்டிக் கொக்கை எழுப்பிய அந்தத் தொண்டையை எங்கே தேடியும் காணவில்லை.

"வாங்க அய்யே" என்றாள். பக்கத்தில் நின்ற மல்லிகாவுக்கே அது கேட்கவில்லை.